காலமையில தடத்தில நடக்கிறது ஆர்?

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு வேலை தொடங்கினதில இருந்து தீவகத்துப் பெடியளின்ர கற்பனைக்குக் கடிவாளம் இல்லை. மைதானம் வந்தால் ஹோட்டல் வரும், ஹோட்டல் வந்தால் தீம் பார்க் வரும், தீம் பார்க் வந்தால் ரோலர் கோஸ்டர் வரும். நாரந்தனையில ரீக்கடை வாங்கில இருந்தபடியே இடமும் பிரிச்சாச்சு: ஒரு கட்சி சாட்டிக் கடற்கரை, மற்றக் கட்சி கசூரினா. டிசம்பரில் சென்னையில் வொண்டர்லா திறந்ததோட கதை இன்னும் சூடேறிவிட்டது. அங்கே ‘தஞ்சோரா’ என்று ஒரு கோஸ்டர். தடம் தலைக்கு மேலே இருக்கும், நீங்கள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கீழே பறப்பீர்கள். பலாலியில் ஏறினால் ஒண்டரை மணித்தியாலத்துக்குள் சென்னை. இன்னும் ஒருவரும் போகவில்லை, ஆனால் எல்லாருக்கும் அதைப்பற்றி எல்லாம் தெரியும்.

இந்த ஊகக் கதை எங்களுக்கு மட்டும் உள்ள வருத்தம் இல்லை. உலகம் முழுக்க இதுக்கெண்டே ஒரு கூட்டம் இருக்கு. ஒரு பூங்காவில் எந்த மூலையில் அளவைக்காரர் கட்டை அடித்திருக்கிறார், நகரசபைக்கு என்ன வரைபடம் போயிருக்கு, லொறியில் வந்து இறங்கின தடத்துண்டுக்கு என்ன நிறம் என்று பார்த்து, அடுத்த வருசம் வரப்போறது என்ன என்று மாதக்கணக்கில் கதைப்பார்கள். ரொறொன்ரோவில் இருக்கிற எங்கட சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு கனடாஸ் வொண்டர்லாண்ட் அப்படி ஒரு கோயில். செயற்கை மலைக்குள் இருந்து பிய்த்துக்கொண்டு மேலே பாயும் அல்பன்ஃபியூரி 2025இல் திறக்கும் வரைக்கும், அது எப்படி இருக்கும் எண்டு இஞ்ச நாரந்தனையில இருக்கிற மச்சான்மாருக்கும் வொட்ஸ்அப்பில் வகுப்பு நடந்தது.

நானும் அந்த வகுப்பில் கேள்வி கேட்கிற ஆள்தான், அதால ஏளனமாக எழுதவில்லை. எனக்குப் பிரச்சினை, அந்தக் கதை முழுக்க இரண்டு இலக்கத்தில் முடிகிறது. எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம். லெவியாதன் 306 அடி, மணிக்கு 148 கிலோமீற்றர். சரி. அதுக்குப் பிறகு? அதே பூங்காவில் 1981இல், பூங்கா திறந்த வருசமே கட்டின இரண்டு மரக் கோஸ்டர்கள் இருக்கின்றன. மைற்றி கனேடியன் மைன்பஸ்ரர், வைல்ட் பீஸ்ற். 83க்குப் பிறகு எங்கட சனம் அலையலையாகக் கனடாவுக்குப் போய் இறங்கும்போது அந்த இரண்டும் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. இன்றைக்கும் அங்கே நிற்கின்றன. அனுப்பப்படுகிற வீடியோக்களில் அதுகளைக் காணவே முடியாது. கேட்டால், “அது பழசு மச்சான், முதுகு நோகும்.”

என்ர கட்சி அந்தப் பழசின் பக்கம். தீவகத்துக்கு எப்பவாவது ஒன்று வருமென்றால், அது மரத்தில் வரவேணும். வராவிட்டாலும், வரப்போகுது என்று கதைக்கிற நாங்கள் மரக் கோஸ்டரை ஒருக்கா விளங்கிக்கொண்டு கதைக்க வேணும்.

இரும்புக் கோஸ்டரின் தடம் குழாய். தொழிற்சாலையில் வளைத்துச் செய்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டுவார்கள். மரக் கோஸ்டரின் தடம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே பிறக்கிறது. ஏழெட்டுப் பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளைவுக்கு ஏற்ற மாதிரி வெட்டி வளைத்து, ஆணியும் மரையாணியும் போட்டு இறுக்கி, சில்லு ஓடுகிற இடத்தில் மட்டும் மேலே ஒரு மெல்லிய இரும்புப் பட்டி. அமெரிக்காவில் இதுக்குப் பெரும்பாலும் மருந்தேற்றிய பைன் மரம். கீழே தாங்குகிற கால்களும் குறுக்குச் சட்டங்களும் ஒரு காடு மாதிரி. பெட்டிகளைச் சங்கிலி மேலே இழுத்துக்கொண்டு போய் விடும். அதுக்குப் பிறகு இயந்திரம் கிடையாது, பூமி இழுக்கிறதுதான். ஏறேக்க கேட்கிற அந்த ‘டக் டக் டக்’ சும்மா சத்தம் இல்லை. சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் உருளாமல் பல்லில் விழுந்து பிடிக்கிற கொளுக்கியின் சத்தம். 1919இல் ஜோன் மில்லர் என்ற அமெரிக்கர் இன்னொரு சில்லுக்குக் காப்புரிமை எடுத்தார். தடத்துக்கு அடிப்பக்கமாக ஓடுகிற சில்லு. அது பெட்டியை மேலே எழும்ப விடாது. அந்த ஒரு சில்லுக்குப் பிறகுதான் கோஸ்டர்களுக்குச் செங்குத்தாக விழுகிற துணிவு வந்தது. இன்றைக்கு ஓடுகிற லெவியாதனுக்குக் கீழேயும் அந்த யோசனைதான் உருண்டுகொண்டிருக்கு.

மரக் கோஸ்டரின் சுகம் என்ன என்று கேட்டால், ஊர்காவற்றுறை றோட்டில மினிபஸ் மதகில ஏறி இறங்கேக்க பின் சீற்றில இருந்த ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சீற்றை விட்டு ஒரு அங்குலம் எழும்பி, வயித்துக்குள்ள என்னவோ செய்து, திரும்ப இருக்கிறதுக்குள் அடுத்த மதகு. அதை ஒரு நிமிசத்துக்குள் பத்துத்தரம் தருகிற வேலையைத்தான் நல்ல மரக் கோஸ்டர் செய்கிறது. அதோட அது ஆடும். பெட்டி ஓடேக்க முழுச் சட்டமும் அசைகிறதைக் கண்ணால் பார்க்கலாம். முதல்முறை பார்க்கிற ஆள், உடையப்போகுது எண்டு நினைக்கும். உண்மையில் அசைகிறதாலதான் அது சுமையைத் தாங்குது. சோளகத்தில பனை ஆடுறதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதுப் பாடம் இல்லை.

அசைகிற பொருளுக்கு ஒரு விலை இருக்கு. ஒவ்வொரு ஓட்டத்திலும் மரையாணி கொஞ்சம் தளரும். பலகை வெயிலில் சுருங்கும், மழையில் ஊதும். அதனால மரக் கோஸ்டர் உள்ள பூங்காக்களில் காலமை, சனம் உள்ளே வர முதல், சுத்தியலும் மரையாணிச் சாவியுமாக ஆக்கள் தடத்தில் நடந்து ஏறுவார்கள். கண்ணால் பார்ப்பார்கள், தட்டிக் கேட்பார்கள், தளர்ந்ததை இறுக்குவார்கள், உக்கின பலகையைக் குறித்துவைத்து மாற்றுவார்கள். ஒவ்வொரு நாளும். குளிர்காலத்தில் பூங்கா மூடின பிறகு இன்னும் பெரிய துண்டுகளைக் கழற்றிப் புதிதாகப் போடுவார்கள். பரிஸுக்குப் பக்கத்தில பார்க் அஸ்ரெரிக்ஸில் 1997இல் கட்டின மரக் கோஸ்டருக்கு 2022இல் பெரிய திருத்தம் செய்து, புதுப் பெயரும் வைத்துத் திரும்ப ஓடவிட்டார்கள்.

இதை வாசிக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது பனையோலை வேலி. எங்கட வளவு வேலிக்கு என்ன வயசு என்று ஆச்சியைக் கேட்டால், அப்புவின்ர தேப்பன் போட்ட வேலி எண்டுதான் சொல்லுவா. ஆனால் அதில இருக்கிற ஓலை போன வருசத்து ஓலை. கதியாலில் பாதி, கறையான் தின்று மாத்தினது. வருசா வருசம் அடைச்சதாலதான் அது நூறு வருசத்து வேலி. ஒரு வருசம் விட்டிருந்தால் மாடு உள்ளே வந்திருக்கும். 1990இல் தீவை விட்டு வெளிக்கிட்டு, கனகாலம் கழிச்சுத் திரும்பி வந்த ஆக்களிட்ட கேட்டுப் பாருங்கோ. வீட்டுச் சுவராவது மிச்சம் இருந்தது. வேலி எண்ட ஒன்று இருந்த அடையாளமே இல்லை.

இந்தக் கண்ணால் பார்த்தால்தான் லீப் த டிப்ஸ் விளங்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் அல்ரூனா என்ற ஊரில் 1902இல் கட்டினது. உலகத்தில் இன்னும் நிற்கிற ஆகப் பழைய ரோலர் கோஸ்டர் அதுதான். உயரம் எவ்வளவு தெரியுமோ, 41 அடி. எங்கட வளவுப் பனையை விடக் கட்டை. வேகம் மணிக்குப் பத்து மைல், சைக்கிளில் கொஞ்சம் உழக்கினால் பிடிக்கலாம். ஆகப் பெரிய இறக்கம் 9 அடி. நான் முதல் சொன்ன அடிப்பக்கச் சில்லுகூட அதில இல்லை, அது கண்டுபிடிக்க முதல் பிறந்தது. 1985இல் ஓட்டத்தை நிறுத்தி, இடிகிற நிலைக்கு வந்தது. விருப்பக்காரர்கள் காசு சேர்த்துத் திருத்தி, 1999இல் திரும்ப ஓடவிட்டார்கள். 306 அடிக்காரர் சிரிக்கலாம். 9 அடி இறக்கத்துக்காகப் பதினாலு வருசம் மினக்கெட்ட ஆக்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெல்பேர்ணில் இருக்கிற சீனிக் றெயில்வே இன்னும் எங்களுக்குக் கிட்ட வரும். சென்ற் கில்டா கடற்கரை லூனா பார்க்கில் 1912இல் இருந்து இருக்கு. அந்த வண்டியின் நடுவில் ஒரு ஆள் எழும்பி நிற்பார். பிரேக் அவருடைய கையில். எந்த வளைவில் எவ்வளவு இழுக்கிறது, எந்த இறக்கத்தில் விடுகிறது என்று கணினி சொல்லுறதில்லை, அவர்தான் முடிவெடுக்கிறார். மழை பெய்தால் ஒரு கணக்கு, வண்டி நிறைந்திருந்தால் இன்னொரு கணக்கு. இப்படி ஆள் நின்று ஓட்டுகிற கோஸ்டர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

எங்கட தேரைப் பாருங்கோ. மரச்சட்டம், பெரிய சில்லு, வடத்தில் ஊரே நிற்கும். எல்லாருடைய கண்ணும் மேலே சாமியில், இல்லாட்டி வடம் பிடிக்கிற ஆக்களில். அதே நேரம் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்தபடி, கையில் கட்டையோட ரெண்டு மூண்டு பேர் ஓடிக்கொண்டு வருவினம். வீதி வளைவில் தேரைத் திருப்புறதும், ஓடினால் மறிக்கிறதும் அவையின்ர கட்டைதான். படம் எடுக்கிற ஆக்கள் அவையை வெட்டிவிட்டுத்தான் ஃபேஸ்புக்கில் போடுவினம். மெல்பேர்ண்காரர் அந்த ஆளை வண்டிக்கு நடுவில், எல்லாரும் பார்க்கத்தக்கதாக ஏற்றி நிறுத்தியிருக்கினம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இலக்கத்துக்குப் பின்னால் ஓடினால் என்ன நடக்கும் என்றதுக்கும் ஒரு மரக் கோஸ்டர் கதை இருக்கு. அமெரிக்காவில் ஒகையோ மாநிலம், கிங்ஸ் ஐலண்ட் பூங்கா, சன் ஒஃப் பீஸ்ற். 2000இல் திறந்தது. 218 அடி, மரக் கோஸ்டருக்கு அது உலகச் சாதனை. போதாதென்று தலைகீழாகச் சுழல்கிற வளையமும் வைத்தார்கள். மரம் தாங்கக்கூடிய எல்லைக்கு மேலே இழுத்த வேலை. 2006 ஜூலையில் ஒரு மரச்சட்டம் வெடித்து, தடத்தில் பள்ளம் விழுந்து, 27 பேருக்குக் காயம். வளையத்தைக் கழற்றினார்கள். 2009இல் மூடினார்கள். 2012இல் இடித்தார்கள். பன்னிரண்டு வருசம், அவ்வளவுதான் அதின்ர ஆயுள். 41 அடிக்காரனுக்கு நூற்றாண்டு தாண்டியாச்சு.

பழைய மரக் கோஸ்டர்களில் இரும்புத் தடம் போட்டுப் புதுப்பிக்கிற வேலையும் 2011இல் ரெக்ஸசில் தொடங்கி இப்ப நாகரிகமாகிவிட்டது. ஓட்டம் அருமை எண்டு ஏறின ஆக்கள் சொல்லுகினம். மறுக்கிறதுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பராமரிப்புச் செலவு குறையும் என்பது அதுக்குச் சொல்லுற பெரிய காரணம். அதாவது, தடத்தில் நடக்கிற ஆள் குறையும்.

இனி எங்கட பக்கம் வருவம். தீவகத்தில் ஒரு சிறுவர் பூங்கா, பெயர் வேண்டாம். திறப்பு விழாவுக்கு மேளம், பொன்னாடை, கல்வெட்டில் அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர், எல்லாம் முறையாக நடந்தது. ரெண்டு மாரி கழிய ஊஞ்சல் சங்கிலி கறள் பிடிச்சு ஒரு பக்கம் அறுந்தது. சறுக்கியின் அடித்தகடு உப்புக்காத்தில பொரிந்து, பிள்ளையளின்ர களிசானைக் கிழிக்கத் தொடங்கினது. இப்ப அங்கே ஆடு மேயுது. கல்வெட்டில் ஒரு எழுத்தும் அழியவில்லை, அதுக்கு நல்ல கருங்கல் போட்டிருக்கினம். ஒருத்தரும் களவெடுக்கவில்லை, ஒருத்தரும் கெட்டவர் இல்லை. கட்டுறதுக்குக் காசு இருந்தது. மாசத்துக்கு ஒருக்கா சங்கிலிக்குக் கிறீஸ் பூச ஒரு ஆளுக்குச் சம்பளம் எண்ட வரி மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. இந்த உப்புக்காத்துக்குள்ள 306 அடி இரும்பைக் கொண்டுவந்து நட்டால் என்ன ஆகும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

கடற்கரையில் மரம் நிற்காதோ என்று கேட்டால், நிற்கும். மெல்பேர்ணில் நிற்குது. நியூயோர்க் கோனி ஐலண்டில் 1927ஆம் ஆண்டுச் சைக்கிளோன் நிற்குது. இங்கிலாந்தில் பிளக்பூலில் 1923ஆம் ஆண்டு பிக் டிப்பர் நிற்குது. எல்லாம் கடலைப் பார்த்தபடி. உப்புக்கு மரம் தோற்காது எண்டதால இல்லை, தோற்ற பலகையை உடனே கழற்றுகிற ஆள் அங்கே வேலைக்கு இருக்கிறதால.

எந்த மரத்தில் கட்டுவது எண்டு ரீக்கடையில் கேட்டால் எல்லாரும் ‘பனை’ எண்டு கத்துவினம். ஆசை எனக்கும் இருக்கு, ஆனால் சரிவராது. பனைக்கு வைரம் வெளிப்பக்கம் மட்டும்தான், உள்ளே சோத்தி. வளைக்கும் சிலாகைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. பலகையாக அடுக்கி வளைக்கிற வேலைக்கு வேற மரம் பார்க்க வேணும். அதோட பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டிய காலம் இது, அப்படித்தான் இருக்கவும் வேணும். மரம் வெளியில் இருந்து வரட்டும். கை இஞ்ச இருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரைக்கும் ஓடிப் போனது. மரத்தை வளைத்து, கடலுக்கும் அலைக்கும் அசைந்து கொடுக்கிற மாதிரிப் பூட்டுகிற கலை இந்தக் கரையில் ஒரு காலத்தில் சாதாரண சீவியத்தொழில். இப்ப எங்கட ஓடாவிமாரின் பிள்ளையள் அலுமினியக் கதவு பொருத்துகினம், இல்லாட்டி பிரான்சில இருக்கினம். கணக்குப் போட்டுத்தர ஓடாவி மட்டும் போதாது, சுமை, விசை, களைப்பு எல்லாம் பார்க்கப் பொறியியலாளர் வேணும். அதுக்கு எங்கட பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கு. ஒரு ஓடாவியையும் ஒரு பொறியியல் மாணவரையும் ஒரே மேசையில் இருத்தி 40 அடி உயரத்துக்கு ஒரு மரச்சட்டம் வரையச் சொன்னால் என்ன வரும் எண்டு பார்க்க எனக்கு உண்மையில் ஆசை. இலக்கத்தைப்பற்றி ஊகிக்கிறதை விட இது நல்ல ஊகம்.

குடிக்கிற தண்ணிக்கு பவுசர் பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில ரோலர் கோஸ்டரோ எண்டு ஒரு கேள்வி வரும். வரவேணும். தண்ணி முதல், அதில் சண்டை இல்லை. ஆனால் தண்ணிக்குழாய்க்கும் இதே கதைதான்: குழாய் போடுறதுக்கு விழா இருக்கு, உடைஞ்ச மூட்டைப் பார்க்க ஆள் இல்லை. பிள்ளையளின்ர சந்தோசத்தை எல்லாம் முடிஞ்ச பிறகு பார்ப்பம் எண்டு ஒத்திவைச்சால், எல்லாம் ஒரு காலமும் முடியாது. வெளிக்கிடக்கூடியவை வெளிக்கிட்டிடுவினம்.

ரோலர்கோஸ்டர் ரைக்கூன் விளையாடினவர்களுக்கு நான் சொல்லுறது முன்னமே தெரியும். 1999இல் வந்த விளையாட்டு, இப்ப ஃபோனிலயும் இருக்கு, எங்கட ஊர்ப் பெடியள் அதில கட்டாத கோஸ்டர் இல்லை. மரத்தடம் போட்டு, வானத்துக்கு ஏத்தி, கடலுக்க இறக்கி, எல்லாம் செய்யலாம். ஆனால் மெக்கானிக்கைச் சம்பளத்துக்கு எடுக்காமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் பழுதாகி நிற்கும். ஒவ்வொரு கோஸ்டருக்கும் எத்தனை நிமிசத்துக்கு ஒருக்காச் சோதிக்கிறது எண்டு தெரிவு செய்ய ஒரு பெட்டி இருக்கு. பன்னிரண்டு வயசுப் பெடியன்கூட அதைப் பத்து நிமிசம் எண்டு போட்டுவிட்டுத்தான் வாசலைத் திறப்பான்.

அதனால் தீம் பார்க் வருதாம் எண்டு அடுத்தமுறை ஆராவது சொன்னால், உயரம் கேட்காமல் இதைக் கேளுங்கோ: காலமையில தடத்தில நடக்கிறது ஆர், அவருக்கு மாசம் எவ்வளவு, அந்தக் காசு எங்க இருந்து வருது? பதில் இல்லாட்டி, அது லொறியில வாற காணிவேல் ராட்டினம் மாதிரி. பத்து நாள் சுத்திட்டுப் போகட்டும். தொடங்குறதுக்குக் கோஸ்டர் வரைக்கும் காத்திருக்கத் தேவையும் இல்லை. அந்த ஆடு மேயுற பூங்காவில் ரெண்டு மர ஊஞ்சல், ஒரு சுத்தியல், ஒரு கிறீஸ் ரின், திகதி போட்டு எழுத ஒரு கொப்பி, ஊரில ஒரு ஆள். ரொறொன்ரோ, லண்டன், பரிஸ் எண்டு இருக்கிற ஊர்ச்சங்கங்கள் வருசத்துக்கு ஒரு இராப்போசனத்தில் சேர்க்கிற காசில் ஒரு பங்கு அந்த ஆளின் சம்பளத்துக்குக் காணும். அன்பளிப்புச் செய்தவரின் பெயர் கட்டாயம் போடவேணும் எண்டால், அதை அவரின்ர சேட் பொக்கற்றில் தைச்சு விடலாம். எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.